5 நாள் சீட்டும் 3 மடங்கு ஃபண்டும்

1)
போன வாரம் நைட் டியூட்டி. ரெண்டு மணிக்கு மேல கேஷுவால்டி கொஞ்சம் அடங்குச்சு. கூட இருந்த ஜூனியர் தம்பி செல்போனை நீட்டி ஒரு கேள்வி கேட்டார்.

"அண்ணா, அமெரிக்க இண்டெக்ஸ்ல 2 மடங்கு ஃபண்ட் எடுக்கலாமா, 3 மடங்கு எடுக்கலாமா? ரொம்ப நாளைக்கு இல்லண்ணா. மூணு மாசம்தான். பி.ஜி. கவுன்சிலிங் வரைக்கும்."

"எவ்ளோ பணம்?"

"4 லட்சம்."

பி.ஜி. சேர்றதுக்குன்னு ரெண்டு வருஷமா சேர்த்த காசு. பதில் சொல்றதுக்குள்ள வார்டுல இருந்து கூப்பிட்டாங்க, ஓடிட்டேன். அன்னைக்குச் சொல்லாத பதில்தான் இந்த இழை. நீளமா இருக்கும். ஒரு டீ போட்டுட்டு உக்காருங்க.

2)
முதல்ல ஒரு விஷயம். நான் நிதி ஆலோசகர் இல்லை. எம்.பி.பி.எஸ். படிச்ச அரசு மருத்துவர். இந்தப் பங்கை வாங்கு, அந்த ஃபண்டை வில்லுன்னு சொல்ற தகுதி எனக்கு இல்லை.

ஆனா ஒரு மருந்தை எழுதுறதுக்கு முன்னாடி அது எதுக்காக வந்துச்சு, யாருக்குக் கேட்டுச்சு, யாரைக் கெடுத்துச்சுன்னு பார்க்கிற பழக்கம் எங்களுக்கு உண்டு. இந்த லீவரேஜ் ஃபண்டுகளுக்கும் அப்படி ஒரு வரலாறு இருக்கு. கிட்டத்தட்ட 100 வருஷக் கதை. அதைத் தெரிஞ்சுக்காம "2-ஆ, 3-ஆ"ன்னு கேட்கிறது, நோய் என்னன்னு பார்க்காம "250 மில்லிகிராமா, 500 மில்லிகிராமா"ன்னு கேட்கிற மாதிரி.

3)
கதை 1920-களின் அமெரிக்காவுல தொடங்குது.

பங்குச்சந்தை ஏறிக்கிட்டே இருந்த காலம். சாதாரண ஆளுங்க காசையும் உள்ள கொண்டுவர 'இன்வெஸ்ட்மென்ட் டிரஸ்ட்'னு கம்பெனிகள் முளைச்சுது. மக்கள் அதுல பங்கு வாங்குவாங்க, அந்தக் கம்பெனி மத்த கம்பெனிகளோட பங்குகளை வாங்கும். இன்னைக்கு இருக்கிற மியூச்சுவல் ஃபண்டுக்கு தூரத்து தாத்தா மாதிரி.

இதுல ஒரு வேலை செஞ்சாங்க. மக்கள் போட்ட காசு மட்டும் இல்லாம, கடன் பத்திரம் வித்தும் காசு திரட்டி அதையும் பங்குல போட்டாங்க. இதுதான் லீவரேஜ். கடன் வாங்கிப் பந்தயத்தைப் பெருசாக்கறது.

4)
கணக்கு எளிது.

ஒரு டிரஸ்டுல மக்கள் காசு 50 ரூபாய், கடன் 50 ரூபாய். மொத்தம் 100. பங்குகள் 50 சதவீதம் ஏறினா 150 ஆகுது. கடன்காரனுக்கு 50 கொடுத்தா மிச்சம் 100. சந்தை ஏறினது 50 சதவீதம், உங்க காசு ஏறினது 100 சதவீதம். சூப்பர்ல?

இப்ப பங்குகள் 50 சதவீதம் இறங்கட்டும். மிச்சம் 50. கடன்காரன் வந்து 50-ஐயும் எடுத்துட்டுப் போயிடுவான். சந்தையில பாதி மிச்சம் இருக்கு. உங்க கையில பூஜ்யம்.

5)
1928 டிசம்பரில் 'கோல்ட்மேன் சாக்ஸ் டிரேடிங் கார்ப்பரேஷன்' என்ற டிரஸ்ட் தொடங்கப்பட்டது. மக்களுக்கு ஒரு பங்கு 104 டாலருக்கு விற்கப்பட்டது. அடுத்த வருஷம் கோடையில் அந்த டிரஸ்ட் சேர்ந்து 'ஷெனாண்டோவா'ன்னு இன்னொரு டிரஸ்டை உருவாக்கியது. ஷெனாண்டோவா சேர்ந்து 'ப்ளூ ரிட்ஜ்'னு மூணாவதை உருவாக்கியது. லீவரேஜ் மேல லீவரேஜ், அதுக்கு மேல லீவரேஜ்.

1929 அக்டோபரில் சந்தை சரிந்தது. ஏறும்போது பெருக்கிக் கொடுத்த அதே அடுக்கு, இறங்கும்போதும் பெருக்கிக் கொடுத்துச்சு. 1932 வாக்கில் அந்த 104 டாலர் பங்கு 2 டாலருக்கும் கீழே.

6)
இந்தக் காயத்துல இருந்துதான் 1940-ல் 'இன்வெஸ்ட்மென்ட் கம்பெனி சட்டம்' வந்தது. இன்னைக்கும் அமெரிக்க மியூச்சுவல் ஃபண்டுகளுக்கு அதுதான் அடிப்படைச் சட்டம்.

அதில் கடனுக்குக் கடிவாளம் போட்டாங்க. மியூச்சுவல் ஃபண்ட் கடன் வாங்கணும்னா வங்கியில மட்டும்தான் வாங்கலாம். வாங்கின கடனைப் போல 3 மடங்கு சொத்து எப்பவும் கையில இருக்கணும்.

அதாவது தடுப்பூசி போட்டாச்சு. அடுத்த 50 வருஷத்துக்கு மியூச்சுவல் ஃபண்ட் உலகத்துல இந்த நோய் பெருசா தலைகாட்டல.

7)
நடுவுல 1976-ல் ஒரு நல்ல விஷயம் நடந்துச்சு. ஜான் போகிள் என்பவர், வான்கார்ட் நிறுவனத்தின் மூலமா, பொதுமக்களுக்கான முதல் இண்டெக்ஸ் மியூச்சுவல் ஃபண்டைக் கொண்டுவந்தார். எஸ் அண்ட் பி 500 பட்டியல்ல இருக்கிற பங்குகளை அப்படியே வாங்கி வச்சுக்கற ஃபண்ட். அறிவாளித்தனம் வேண்டாம், குறைஞ்ச செலவு, வாங்கு, வச்சிரு, மறந்துடு. அவ்வளவுதான் தத்துவம்.

15 கோடி டாலர் வரும்னு எதிர்பார்த்தாங்க. வந்தது 1.13 கோடி. "போகிளின் முட்டாள்தனம்"னு சிரிச்சாங்க.

இதை ஏன் சொல்றேன்னா, இண்டெக்ஸ் ஃபண்ட் பிறந்ததே அடிக்கடி வாங்கி விக்கிறதை விடறதுக்காகத்தான். அடுத்த 17 வருஷத்துல அதே இண்டெக்ஸ் நேர் எதிர் வேலைக்குப் போச்சு.

8)
வழி திறந்துவிட்டது ஃபியூச்சர்ஸ். 1982 ஏப்ரலில் சிகாகோ மெர்கன்டைல் எக்ஸ்சேஞ்சில் எஸ் அண்ட் பி 500 ஃபியூச்சர்ஸ் வர்த்தகம் தொடங்கியது. முழுப் பணம் கட்ட வேண்டாம். சின்ன மார்ஜின் கட்டினா போதும், பெரிய தொகைக்கான ஏற்ற இறக்கம் உங்க கணக்குக்கு வரும்.

கவனிங்க. இங்க யாரும் வங்கியில கடன் வாங்கல. ஆனா கடன் வாங்கினா என்ன நடக்குமோ, அதேதான் நடக்குது.

1940-ல் போட்ட தடுப்பூசி அன்னைக்கு இருந்த கிருமிக்கானது. கிருமி உருமாறிடுச்சு.

9)
1993. மேரிலாந்து மாநிலத்துல ஆல்பர்ட் விராக் என்பவர் ரைடெக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். எல்லாரும் 'ஸ்கிப்' விராக்னு கூப்பிடுவாங்க. அந்த ஜூலையில் 'நோவா'ன்னு ஒரு மியூச்சுவல் ஃபண்ட் வந்தது. எஸ் அண்ட் பி 500 ஒரு நாள்ல 1 சதவீதம் ஏறினா இது 1.5 சதவீதம் ஏறணும். அதுதான் இலக்கு.

1994 ஜனவரியில் 'உர்சா'. லத்தீன்ல கரடின்னு அர்த்தம். இது தலைகீழ் ஃபண்ட். சந்தை 1 சதவீதம் இறங்கினா இது 1 சதவீதம் ஏறும்.

ஏறும்னு தோணினா நோவா, இறங்கும்னு தோணினா உர்சா. ஒரே நிறுவனத்துக்குள்ள இங்கிருந்து அங்க மாத்திக்கலாம். தனியா ஃபியூச்சர்ஸ் கணக்கு வேண்டாம், மார்ஜின் கட்டச் சொல்லி யாரும் போன் பண்ண மாட்டாங்க, போட்ட காசுக்கு மேல நஷ்டமும் வராது.

10)
மத்த ஃபண்ட் நிறுவனங்கள் அடிக்கடி உள்ள வந்து வெளிய போறவங்களை வெறுத்தாங்க. வருஷத்துக்கு இத்தனை தடவைதான் மாத்தலாம்னு வரம்பு வச்சாங்க. ரைடெக்ஸ் மட்டும் எத்தனை தடவை வேணும்னாலும் வாங்க, போங்கன்னு வெளிப்படையா சொல்லுச்சு. குறுகிய கால டிரேடர்களுக்குன்னே கட்டின கடை அது.

2003 செப்டம்பரில் நியூயார்க் அட்டர்னி ஜெனரல் எலியட் ஸ்பிட்சர் ஒரு பெரிய ஊழலை வெளிய கொண்டுவந்தார். கேனரி கேப்பிட்டல்ங்கிற நிறுவனத்துக்கு, அடிக்கடி டிரேடிங் கூடாதுன்னு விதி வச்சிருந்த பெரிய ஃபண்ட் நிறுவனங்களே பின்வாசலைத் திறந்துவிட்டிருந்தாங்க. சமரசத்தொகை 4 கோடி டாலர். நீண்ட கால முதலீட்டாளர் காசை இன்னொருத்தர் சுரண்ட விட்டதுதான் அங்க குற்றம்.

முன்வாசல்லயே டிரேடிங்னு போர்டு மாட்டின கடை அந்த வகையில நேர்மையானதுதான். அதனால இந்த ஃபண்டுகளை மோசடின்னு நான் சொல்ல வரல. பிரச்சினை வேற இடத்துல இருக்கு.

11)
எந்த இடத்துலன்னு அந்தக் காலத்துலயே சிலர் கண்டுபிடிச்சுட்டாங்க.

நோவாவுல எவ்வளவு பணம் இருக்கு, உர்சாவுல எவ்வளவு இருக்குன்னு பார்த்து ஒரு விகிதம் போட்டாங்க. 'நோவா-உர்சா விகிதம்'. சந்தையைக் கணிக்கிறவங்க அதைத் தினமும் பார்த்தாங்க.

எதுக்கு? கூட்டம் எங்க போகுதோ அங்க போறதுக்கா?

இல்லை. நேர் எதிரா போறதுக்கு. பணம் அளவுக்கு மீறி நோவாவுல குவிஞ்சா, உச்சம் பக்கத்துல இருக்கு, ஜாக்கிரதைன்னு அர்த்தம். உர்சாவுல குவிஞ்சா, சந்தை அடிமட்டத்துக்கு வந்தாச்சுன்னு அர்த்தம்.

யோசிச்சுப் பாருங்க. எந்த ஃபண்டுன்னு ராத்திரியெல்லாம் யோசிச்சு முடிவெடுத்த ஆயிரக்கணக்கான பேரோட தேர்வே, மத்தவங்களுக்கு எதிர்த்திசை காட்டுற பலகையா ஆயிடுச்சு.

12)
கடை நல்லா ஓடுதுன்னா பக்கத்துலயே போட்டிக் கடை வரும்ல. 1997-ல் அதே மேரிலாந்துல 'ப்ரோஃபண்ட்ஸ்' வந்துச்சு. 1.5 மடங்கு இல்லை, முழுசா 2 மடங்கு. 'அல்ட்ராபுல்', 'அல்ட்ராபேர்'. 'பொட்டோமாக்' ஃபண்ட்ஸ்னு ஒண்ணும் வந்துச்சு. அதுதான் பின்னாடி 'டிரெக்ஸியான்'. 2000-ல் ரைடெக்ஸும் 2 மடங்கு ஃபண்டுகளோட பதில் கொடுத்துச்சு.

அன்னைக்குத் தேர்ந்தெடுக்கிறவங்க ஒப்பிட்ட விஷயங்கள் இவைதான். குறைந்தபட்ச முதலீடு: தானே முடிவெடுக்கிறவருக்கு ரைடெக்ஸில் 25,000 டாலர், ப்ரோஃபண்ட்ஸில் 15,000 டாலர். வருஷச் செலவு: போகிளோட ஃபண்டை விடப் பல மடங்கு. அடுத்தது, ஆர்டர் கொடுக்க கடைசி நேரம்.

இந்தக் கடைசி விஷயம் முக்கியம். மியூச்சுவல் ஃபண்டுக்கு நாளுக்கு ஒரு விலைதான். சந்தை முடியுற சாயங்காலம் 4 மணி விலை. காலையில 10 மணிக்கு சந்தை சரியுதுன்னு தெரிஞ்சாலும் 4 மணி விலைக்குத்தான் வெளிய வர முடியும். ரைடெக்ஸ் சில ஃபண்டுகளுக்கு நாளுக்கு ரெண்டு விலை போட்டுப் பார்த்துச்சு. அதுவும் பத்தல.

13)
2006 ஜூனில் ப்ரோஃபண்ட்ஸின் சகோதர நிறுவனமான 'ப்ரோஷேர்ஸ்' இதே 2 மடங்கை இ.டி.எஃப். ஆக்கியது. பங்கு மாதிரியே நாள் முழுக்க வாங்கலாம், விக்கலாம். 25,000 டாலர் எல்லாம் வேண்டாம், ஒரு யூனிட் காசு போதும்.

2008 நவம்பர் முதல் வாரத்தில் டிரெக்ஸியான் 3 மடங்கு இ.டி.எஃப்.களைக் கொண்டுவந்தது.

தேதியைப் பாருங்க. லேமன் பிரதர்ஸ் விழுந்தது 2008 செப்டம்பர். உலகமே ஐ.சி.யு.ல. சந்தை ஒரு நாள் 5 சதவீதம் ஏறும், மறுநாள் 6 சதவீதம் இறங்கும். அந்த நேரத்துல 3 மடங்கு.

14)
அப்புறம் நடந்ததை அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்புகளே பதிவு பண்ணியிருக்காங்க. பங்குச்சந்தை ஆணையமும், தரகு நிறுவனங்களைக் கண்காணிக்கிற ஃபின்ராவும் சேர்ந்து 2009 ஆகஸ்டில் ஒரு எச்சரிக்கை வெளியிட்டாங்க. அதுல ஒரு உதாரணம்.

2008 டிசம்பர் 1 முதல் 2009 ஏப்ரல் 30 வரை, ஒரு இண்டெக்ஸ் சுமார் 8 சதவீதம் ஏறியது.

அதன் 3 மடங்கு ஃபண்ட் என்ன ஆகியிருக்கணும்? 24 சதவீதம் ஏறியிருக்கணும்னு நினைப்பீங்க. அது 53 சதவீதம் இறங்கியது.

சரி, அப்ப தலைகீழ் 3 மடங்கு வாங்கினவன் பிழைச்சிருப்பானா? அது 90 சதவீதம் இறங்கியது.

ஏறும்னு சொன்னவனுக்கும் நஷ்டம். இறங்கும்னு சொன்னவனுக்கும் நஷ்டம். திசையைச் சரியா சொன்னவனுக்கே பாதி காசு போச்சு.

15)
மந்திரமும் இல்லை, மோசடியும் இல்லை. வெறும் கணக்கு. ஒரு பேப்பர் எடுத்துக்கோங்க.

இண்டெக்ஸ் 100. இன்னைக்கு 10 சதவீதம் ஏறுது: 110. நாளைக்கு 10 சதவீதம் இறங்குது: 99. நஷ்டம் 1 ரூபாய்.

2 மடங்கு ஃபண்ட்: 100-லிருந்து 120, பிறகு 20 சதவீதம் இறங்கி 96. நஷ்டம் 4.

3 மடங்கு ஃபண்ட்: 100-லிருந்து 130, பிறகு 30 சதவீதம் இறங்கி 91. நஷ்டம் 9.

இதே ரெண்டு நாள் ஆட்டம் 5 தடவை நடந்தா? இண்டெக்ஸ் சுமார் 95. 2 மடங்கு சுமார் 82. 3 மடங்கு சுமார் 62.

சந்தை கிட்டத்தட்ட அதே இடத்துல நிக்குது. உங்க காசு மட்டும் கரையுது. ஒவ்வொரு நாளும் அந்த ஃபண்ட் தன் இலக்கைச் சரியாத்தான் அடிச்சுது. 10 நாளுக்குன்னு அது வாக்கே கொடுக்கல.

16)
மறுபக்கத்தையும் சொல்லணும், இல்லன்னா நான் நேர்மையில்லாதவன்.

இடைவிடாம ஏறினா? மூணு நாள் தொடர்ந்து 10 சதவீதம் ஏறட்டும். இண்டெக்ஸ் 133.1. லாபம் 33.1. 3 மடங்குன்னா 99.3 வரணும். ஆனா ஃபண்ட் 219.7 ஆகும், லாபம் 119.7. சொன்னதை விட அதிகம்!

2010-க்கு அப்புறம் நாஸ்டாக் ரொம்ப காலம் ஏறினதுல 3 மடங்கு ஃபண்ட் வச்சிருந்த சிலர் பெரிய பணம் பார்த்தது இப்படித்தான். பொய் இல்லை. அவங்க படம்தான் உங்க செல்போன்ல வரும். 53 சதவீதம் இழந்தவர் ஸ்கிரீன்ஷாட் போட மாட்டார்.

17)
இப்ப தம்பி கேட்ட "2-ஆ, 3-ஆ"வுக்கு வருவோம். இந்தத் தேய்மானத்துக்கு ஒரு தோராயக் கணக்கு இருக்கு. சந்தை ஒரே அளவு ஆடும்போது, 2 மடங்கு ஃபண்டின் தேய்மானம் 1 பங்குன்னு வச்சுக்கோங்க.

3 மடங்குக்கு 3 பங்கு.
தலைகீழ் 1 மடங்குக்கு 1 பங்கு.
தலைகீழ் 2 மடங்குக்கு 3 பங்கு.
தலைகீழ் 3 மடங்குக்கு 6 பங்கு.

2-லிருந்து 3-க்குப் போனா லாப வாய்ப்பு ஒன்றரை மடங்கு ஆகுது, தேய்மானம் மூணு மடங்கு ஆகுது. தலைகீழ் ஃபண்டு இன்னும் மோசம். 2009 உதாரணத்துல ஒண்ணு 53, இன்னொண்ணு 90 விழுந்ததுக்குக் காரணம் இதுதான்.

இண்டெக்ஸே ஜாஸ்தி ஆடுற இண்டெக்ஸா இருந்தா தேய்மானமும் ஜாஸ்தி. அதனால எஸ் அண்ட் பி 500-ல் 3 மடங்கும், நாஸ்டாக் 100-ல் 3 மடங்கும் ஒரே டோஸ் இல்லை.

18)
இந்த இடத்துல எனக்கு என் ஓ.பி. ஞாபகம் வருது.

ஒரு பாட்டி வருவாங்க. முகம் உப்பி, கையில தோல் காகிதம் மாதிரி மெலிஞ்சு, தொட்டா கன்னிப்போய், சுகர் எகிறிப்போய். "என்ன மாத்திரை சாப்பிடுறீங்கம்மா?"ன்னு கேட்டா, சுருக்குப்பையில இருந்து மடிச்சு மடிச்சுக் கிழிஞ்ச ஒரு சீட்டு வரும். எப்பவோ மூட்டுவலிக்கு எந்த டாக்டரோ எழுதின ஸ்டீராய்டு மாத்திரை. சீட்டுல தெளிவா இருக்கும்: 5 நாள்.

அஞ்சு நாள்ல வலி பறந்துபோச்சு. அதனால அதே சீட்டைக் காட்டி ரெண்டு வருஷமா மெடிக்கல்ல வாங்கிச் சாப்பிட்டிருக்காங்க.

மாத்திரை பொய் சொல்லல. எழுதின டாக்டரும் தப்பு பண்ணல. 5 நாள் மருந்தை ரெண்டு வருஷம் சாப்பிட்டதுதான் நோய்.

19)
லீவரேஜ் ஃபண்டோட சீட்டுல எழுதியிருக்கிறது 5 நாள் கூட இல்லை. ஒரு நாள்.

2009 ஜூனில் ஃபின்ரா தரகு நிறுவனங்களுக்கு எழுதின அறிவிப்புல இதைத்தான் சொன்னாங்க: தினமும் மறுசீரமைக்கப்படுற இந்த ஃபண்டுகள், ஒரு வர்த்தக நாளுக்கு மேல வச்சிருக்க நினைக்கிற சாதாரண முதலீட்டாளருக்குப் பொதுவாகப் பொருந்தாது.

ஆனா மெடிக்கல் கடைக்காரர் மாதிரி ஆளுங்க அங்கயும் உண்டு. ஓய்வூதியக்காரங்க உட்பட பலருக்கு மாசக்கணக்கா வச்சிருக்கச் சொல்லி வித்தாங்க. 2012 மே மாதம் நாலு பெரிய தரகு நிறுவனங்கள் மேல ஃபின்ரா நடவடிக்கை எடுத்தது. அபராதமும் இழப்பீடும் சேர்த்து 91 லட்சம் டாலருக்கு மேல்.

20)
அதுக்கப்புறமாவது பாடம் படிச்சாங்களா?

2018 பிப்ரவரி 5. பங்குச்சந்தை நடுக்கத்தை அளக்கிற 'விக்ஸ்' என்ற அளவீடு ஒரே நாளில் 17-லிருந்து 37-க்குத் தாவியது. நடுக்கம் குறையும்னு பந்தயம் கட்டுற ஒரு தலைகீழ் திட்டம் அப்ப ரொம்பப் பிரபலம். ரெண்டு வருஷமா ஏறிக்கிட்டே இருந்துச்சு. அந்த ஒரு நாள்ல 90 சதவீதத்துக்கு மேல போச்சு. ரெண்டு வாரத்துல திட்டத்தையே மூடிட்டாங்க.

2020 மார்ச் 16. எஸ் அண்ட் பி 500 ஒரே நாளில் 12 சதவீதம் விழுந்தது. 3 மடங்குன்னா சுமார் 36. ஒரே நாளில்.

அந்த அக்டோபரில் அமெரிக்க ஆணையம் புது விதி கொண்டுவந்தது. இனிமே வர்ற புது ஃபண்டுகளுக்குப் பொதுவா 2 மடங்குதான் உச்சம். ஏற்கனவே இருந்த 3 மடங்குகளை அப்படியே விட்டுட்டாங்க.

2022-ல் நாஸ்டாக் 100 சுமார் 33 சதவீதம் விழுந்தது. அதன் பிரபலமான 3 மடங்கு ஃபண்ட் சுமார் 79 சதவீதம். 100 ரூபாய் 21 ஆச்சு. அந்த 21 திரும்ப 100 ஆகணும்னா கிட்டத்தட்ட 376 சதவீதம் ஏறணும்.

21)
"நம்ம ஊர்ல இந்த ஃபண்டெல்லாம் ஏன் இல்லை?"ன்னு கேப்பீங்க.

செபி விடல. இந்திய மியூச்சுவல் ஃபண்ட் கடன் வாங்கலாம், ஆனா சொத்துல 20 சதவீதம் வரைக்கும், 6 மாசத்துக்குள்ள, பணத்தைத் திருப்பிக் கேக்கிறவங்களுக்குக் கொடுக்கிறது மாதிரியான தேவைக்கு மட்டும். பந்தயத்தைப் பெருக்க இல்லை. அதனால 2 மடங்கு நிஃப்டி ஃபண்ட் இங்க கிடையாது. தம்பி செல்போன்ல காட்டினது வெளிநாட்டுக்கு டாலர் அனுப்பி வாங்குற ஆப்.

ஆனா நம்ம ஆளுங்க சும்மா இல்லை. ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்ல நேரடியா இறங்கிட்டாங்க. 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வு: 3 நிதியாண்டுகளில் 1 கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். நஷ்டப்பட்டவருக்குச் சராசரியா சுமார் 2 லட்சம்.

22)
அந்த 93 பேர்ல ஒருத்தன் உங்க முன்னாடி இருக்கேன்.

கோவிட் ரெண்டாவது அலை அடங்கின நேரம். கையில கொஞ்சம் காசு, மனசுல நிறைய சோர்வு. இண்டெக்ஸ் ஆப்ஷன்ல இறங்கினேன். முதல் ரெண்டு வாரம் லாபம். நமக்கு மூளை இருக்கு, நீட் எல்லாம் வர்றதுக்கு முன்னாடியே சீட் வாங்கினவன்னு ஒரு திமிர். மூணாவது மாசம் முடியும்போது மூணு மாசச் சம்பளம் போயிருந்துச்சு.

வீட்ல சொல்றதுக்கு ஆறு மாசம் ஆச்சு. காசு போனதை விட, வார்டு ரவுண்ட்ஸ்ல நின்னுக்கிட்டு நோயாளியைப் பார்க்காம செல்போனைப் பார்த்த அந்த நாட்கள்தான் இப்பவும் உறுத்துது.

23)
சரி, வரலாற்றை ஒரு பக்கத்துல சுருக்கினா என்ன வருது?

1929-ல் கடன் பத்திரம். 1993-ல் ஃபியூச்சர்ஸ். 2006-ல் இ.டி.எஃப். 2008-ல் 3 மடங்கு. ஒவ்வொரு தடவையும் வாங்குறது இன்னும் சுலபமாச்சு, டோஸ் இன்னும் கூடுச்சு. மருந்தை மாத்திக்கிட்டே இருந்தாங்க. தப்பு மட்டும் மாறவே இல்லை: ஒரு நாள் மருந்தை ஒரு சீசன் முழுக்கச் சாப்பிடுறது.

அதனால ரெண்டு ஃபண்டுல எதுன்னு தேர்ந்தெடுக்கிறவங்க முதல்ல கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை மடங்கு" இல்லை. "எத்தனை நாள்".

அதுக்கு அப்புறம்தான் மத்தது. எந்த இண்டெக்ஸ், அது எவ்வளவு ஆடும்? நாள் நடுவுல வெளிய வர முடியுமா, 4 மணி வரைக்கும் காத்திருக்கணுமா? வருஷச் செலவு எவ்வளவு? எங்க தப்புன்னு ஒத்துக்கிட்டு வெளிய வருவேன்? இது முழுசா போனா வீட்ல எது நிக்கும்?

24)
முடிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு மனுஷங்களைப் பத்தி, ஒரு டாக்டரா.

இண்டெக்ஸ் ஃபண்ட் கொண்டுவந்த ஜான் போகிளுக்கு 31 வயசுலயே முதல் மாரடைப்பு. 1996-ல் இதய மாற்று அறுவை சிகிச்சை. இன்னொருத்தர் இதயத்தோட இன்னும் 20 வருஷத்துக்கு மேல வாழ்ந்து, 2019-ல் 89 வயசுல காலமானார்.

லீவரேஜ் ஃபண்ட் கொண்டுவந்த ஸ்கிப் விராக் 2003 டிசம்பரில் கணையப் புற்றுநோயில் காலமானார். வயசு 62. அவர் சிகிச்சை எடுத்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல இன்னைக்கு அவர் பேர்ல ஒரு கணையப் புற்றுநோய் மையமே இருக்கு. புற்றுநோய் புறநோயாளிகள் கட்டிடமும் அவர் பேர்லதான்.

இதுல நீதி எதுவும் தேடாதீங்க. நோய் ஆள் பார்த்து வர்றதில்லை. நோவா-உர்சாவுல சம்பாதிச்ச காசு, இழந்த காசு எல்லாத்துலயும் அவங்க எடுத்த கட்டணத்துல ஒரு பகுதி, கடைசியில யாரோ ஒருத்தரோட கீமோதெரபி நாற்காலியா ஆகியிருக்கு. கடை நடத்தினவருக்கு எப்பவும் கட்டணம் வந்துச்சு. சந்தை ஏறினாலும், இறங்கினாலும். அதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க.

25)
நேத்து திரும்ப அதே தம்பியோட நைட் டியூட்டி.

"அண்ணா, யோசிச்சேன். மூணரை லட்சம் பேங்க்ல போட்டுட்டேன். 50,000 மட்டும் அதுல போட்டுப் பார்க்கவா?"

"அந்த 50,000 போனா கவுன்சிலிங் நிக்குமா?"

"நிக்காதுண்ணா."

"சரி. அது ஒரு நாள் மருந்து, தினமும் பார்க்கணும். அமெரிக்கச் சந்தை நம்ம நேரத்துக்கு எப்ப?"

கூகுள்ல தேடினார். "சாயங்காலம் 7 மணியில இருந்து ராத்திரி ஒன்றரை. குளிர்காலத்துல ஒரு மணி நேரம் தள்ளி."

"நம்ம டியூட்டி?"

கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் சிரிச்சுட்டு செல்போனைப் பாக்கெட்ல போட்டார். வெளிய ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டுச்சு. ரெண்டு பேரும் எழுந்து போனோம்.

உங்க வீட்லயும் இந்தக் கேள்வியோட ஒரு தம்பியோ தங்கச்சியோ இருந்தா, இந்த இழையைக் காட்டுங்க.